தக்காளிப் பக்கத்தில் ஒரு தர்ணா

அன்று முற்பகல் நான் மொட்டை மாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தக்காளி இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஈக்கள். ஒரே இலையில் ஒரு மாநாடு நடத்துகிற கூட்டம். மேடையும் மாலையும்தான் பாக்கி. சட்டைப் பையில் போன் துடித்தது. மகள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறாள் என்றால், ஒன்று யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் நான் ஏதோ செய்துவைத்திருக்கிறேன்.

"அப்பா, அம்மா எங்க?"

"சட்டசபையிலதான். இன்னிக்குக் கூட்டத்தொடர் கடைசி நாளாச்சே."

"இல்லப்பா. அம்மா உங்க தக்காளிப் பேஜ்ல இருக்காங்க."

"அவ எப்பவும்தானே இருக்கா. போனைப் பிடிக்கிறதே அவதானே."

"விளையாடாதீங்கப்பா. லைவ்ல இருக்காங்க. சட்டசபைக்குள்ள தரையில உட்கார்ந்திருக்காங்க. கீழ ஒருத்தர் வெள்ளை ஈக்கு மருந்து கேட்டுட்டிருக்கார்."

குப்பியைப் போட்டுவிட்டுப் போனைத் திறந்தேன். முதலில் தெரிந்தது என் மனைவியின் மூக்குத் துவாரங்கள். கீழிருந்து பார்க்கையில் இரண்டு குகைகள் மாதிரி. அவற்றுக்கு மேலே, வெகு தூரத்தில், சட்டசபையின் விதானமும் அணைந்துபோன விளக்குகளும். "இது ஓடுதா பாரு தம்பி, சிவப்பா ஒரு புள்ளி வரணும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். புள்ளி வந்திருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது.

இந்த இடத்தில் என் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எடை அளவு ஆய்வாளன். கடை கடையாகப் போய்த் தராசைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறவன். ஒரு மயிரிழை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். அவ்வளவு காலம் அவ்வளவு சரியாக இருந்ததற்கு ஈடாக, ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எதையும் கூட்டித்தான் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். 'மாடி மகாராஜா' என்று ஒரு பக்கம் தொடங்கினேன். அதில் என் தக்காளி ஒவ்வொன்றும் பூசணி அளவு இருக்கும். போனை அவ்வளவு கிட்டே கொண்டுபோய்ப் பிடிப்போம். பிடிக்கிறவள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, "ம், ஆரம்பிங்க, எனக்கு வேலை கிடக்கு" என்பாள். போனில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஒளிபரப்பு வித்தை அதுதான். என்னைப் போல வேலையற்ற கிழவர்கள் சில நூறு பேர் பார்ப்பார்கள். உரம் கேட்பார்கள், புழு கேட்பார்கள், என் இடுப்பு வலியை விசாரிப்பார்கள். நல்ல சனம்.

ஊருக்கு அவள் சிஸ்டரம்மா. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள் என்று நான் சொல்வதுண்டு. இதில் நான் கூட்டிச் சொன்னது கொஞ்சம்தான். ஓய்வு பெற்றதும் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். "எனக்குப் பேச வராதே" என்றாள். "நீங்க நின்னா போதும், பேச நாங்க இருக்கோம்" என்றார்கள். நின்றாள். எதிர்த்து நின்றவருக்கு டெபாசிட் போனது. அவருடைய சொந்த அண்ணன் மகளே இவளுக்குத்தான் ஓட்டுப் போட்டாளாம். அந்தப் பெண்ணின் மூன்று பிள்ளைகளும் இவள் கையில் பிறந்தவை.

பேச வராது என்று அவள் சொன்னது பொய்யில்லை. சபையில் எழுந்து நின்று வாயைத் திறந்தாலே ஆளுங்கட்சி வரிசையிலிருந்து கூச்சல் கிளம்பும். "சிஸ்டர், ஊசி போடப் போறீங்களா?" என்று ஒருவர். "வலிக்காம போடுங்க" என்று இன்னொருவர். வார்டில் எத்தனை பேர் அலறினாலும் கை நடுங்காதவள், இந்தக் கூச்சலில் பேச்சின் நூலை விட்டுவிடுவாள். பாதியில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டுமீல் என்று வைப்பாள். அதனால் நாங்கள் சமையலறையில் ஒத்திகை வைத்துக்கொண்டோம். ஃபிரிட்ஜ்தான் சபாநாயகர். நான் ஒருவனே மொத்த ஆளுங்கட்சியும். "உட்காரும்மா!", "உளறாதே!", "ஊசி, ஊசி!" என்று மேசையைத் தட்டிக் கத்துவேன். எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது என்றால், ஒரு நாள் கரண்டியால் கையில் ஒன்று வாங்கினேன். "உங்களுக்கு இதுல இவ்வளவு சந்தோஷம் எங்கேர்ந்துங்க வருது?" என்று கேட்டாள். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒத்திகை எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக. அவள் வேலை பார்த்த பிரசவ வார்டை மூடிவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ப்பதாக அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. அதைச் சபையில் வைத்தாயிற்று. கூட்டத்தொடர் முடிவதற்குள் யாராவது விவாதம் கேட்டு நடத்தினால்தான் அதை மாற்ற முடியும். இல்லையென்றால் சபாநாயகர் கடைசி நாளில் முடிப்புரையை வாசித்த அந்த நிமிஷமே உத்தரவு தானாக உயிர் பெற்றுவிடும். எதிர்க்கட்சிக்காரர்கள் தினமும் விவாதம் கேட்டார்கள். சபாநாயகர் தினமும் நேரமில்லை என்றார். கடைசி நாளும் வந்தது. காலையிலும் கேட்டார்கள். அவர் சபையைச் சாயங்காலம் வரை ஒத்திவைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இனி வருவது முடிப்புரை வாசிக்கத்தான்.

ஒத்திவைத்தவுடன் மைக் செத்துவிடும். விளக்கில் பாதி அணையும். சபை நடவடிக்கையைக் காட்டுகிற டிவியில் சட்டசபைக் கட்டடத்தின் படத்தைப் போட்டு, பின்னால் யாரையோ வயலின் வாசிக்க விட்டுவிடுவார்கள். இவர்கள் வெளியே போகாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, சபாநாயகர் இருக்கைக்கு முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தால்? உலகத்துக்கு வயலின்தான் கேட்கிறது. போனெல்லாம் வாசலில் காவலர் பொறுப்பில் பெட்டியில் இருக்கும். உள்ளே கொண்டுபோக அனுமதி கிடையாது. ஒரே ஒருத்தியைத் தவிர. என் மனைவிக்குக் காது மந்தம். அவளுடைய காதுக் கருவி போனோடு சேர்ந்து வேலை செய்கிற வகை. போனைப் பேசுகிறவர் பக்கம் வைத்துவிட்டால் அவர் பேச்சு நேராக இவள் காதுக்குள் வந்துவிடும். அதற்காகச் சபாநாயகரே அனுமதி கொடுத்திருந்தார். இத்தனை பிரதிநிதிகள், இத்தனை படிப்பு, இத்தனை வீரம். கடைசியில் மொத்தப் போராட்டமும் சிஸ்டரம்மாவின் கைப்பைக்குள் வந்து நின்றது. அவளும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பொத்தானை அமுக்கினாள்.

போன் மறுபடியும் துடித்தது. கட்சி ஆபீஸிலிருந்து.

"ஐயா, உடனே அதை நிறுத்தச் சொல்லுங்க. நம்ம கட்சிப் பக்கத்துல புதுசா ஆரம்பிக்கணும். லட்சக்கணக்கான பேர் இருக்காங்க ஐயா அதுல. ஒரு வரலாற்றுச் சம்பவம் தக்காளிக்கு நடுவுல போயிட்டிருக்கு!"

"நான் அவளுக்குப் போன் பண்ணினா இதுவும் நின்னுடும் சார்."

"அந்தப் பேஜ் உங்களோடதுதானே? உங்க போன்லேர்ந்தே நிறுத்தலாமே."

அது வாஸ்தவம். திரையின் ஓரத்தில் 'முடி' என்று ஒரு பொத்தான் இருந்தது. என் கட்டைவிரல் அதற்கு நேர் மேலே நின்றது. நிறுத்தினால், அவள் மறுபடி தொடங்க வேண்டும். கட்சிப் பக்கத்துக்குள் போக வேண்டும். அதற்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அதை அவளுக்கு யார் சொல்வது? அவளுக்குத் தெரிந்தது என் பக்கம், என் பொத்தான், என் ஞாயிற்றுக்கிழமை.

"போகட்டும் சார்," என்றேன். "வரலாறும் கொஞ்சம் காய்க்கட்டும்."

படத்தில் இப்போது நெட்டை வந்துவிட்டான். நெட்டை என்பது அவளுடைய கட்சியின் இளம் உறுப்பினர் ஒருவனுக்கு அவள் வைத்த பெயர். அவன் நிமிர்ந்து நின்றால் விதானத்துக்கு ஒட்டடை அடிக்கலாம். "அக்கா, போனை என்கிட்ட குடுங்க. எல்லாரும் தெரியணும்ல" என்று வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து, படியேறி, கடைசி வரிசைக்குப் போய்க் கையை உயரத் தூக்கிப் பிடித்தான். முதல் தடவையாக முழுச் சபையும் தெரிந்தது. கம்பளத்தில் வட்டமாக இவர்கள். எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்க்கத் தங்கிவிட்ட ஆளுங்கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் என் மனைவி, காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. எனக்குப் புரிந்துவிட்டது. போன் தூரம் போய்விட்டது. கருவியின் தொடர்பு அறுந்துவிட்டது. அவள் காதில் இப்போது பஞ்சு அடைத்த மாதிரி ஓர் அமைதிதான் இருக்கும்.

அவள் எழுந்து நின்றாள். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வார்டை மூடறதைப் பத்திப் பேசணும்னு தினமும் கேட்டேன்," என்று தொடங்கினாள். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் சத்தமாக. மைக் இல்லாத அந்தப் பெரிய அறையில் அது சரியான அளவாக இருந்தது.

"ஊசி! ஊசி!" என்று கிளம்பியது எதிர்ப்பக்கம். ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் கையை வாயருகே குவித்து, "சிஸ்டர், வார்டு அந்தப் பக்கம்!" என்று கத்தினார். நான் மாடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். இந்த இடத்தில்தான் அவள் உட்கார்ந்துவிடுவாள்.

உட்காரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தவரை அவள் கரிசனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டாவி விடுறீங்களே தம்பி. பசிச்சா போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

கம்பளத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் படமே ஆடியது. நெட்டையின் கை குலுங்கியிருக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சிரிப்பும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே போனாள். சமையலறையில் நான் இத்தனை நாள் கத்தியதெல்லாம் வீண். கத்தலைத் தாங்கப் பழக்கினேனே தவிர, அது கேட்காமல் போக ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி. நான் குறை சொல்லல. மெஷின் எல்லாம் அங்க இருக்கு. டாக்டருங்க எல்லாம் தங்கமான பசங்க. ஆனா ஆத்தைத் தாண்டணும். பாலத்துக்கு முன்னாடி ரயில்வே கேட் இருக்கு. கேட் மூடியிருக்குன்னு குழந்தைக்கு எப்படிங்க தெரியும்? அது பாட்டுக்கு வந்துரும். ஒரு தடவை நானே கூடப் போனேன். சரக்கு வண்டி போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு, முடியவே இல்ல. கடைசிப் பெட்டி போறதுக்குள்ள நான் தொப்புள்கொடி கட்டிட்டேன். பொம்பளப் புள்ள. நல்லா இருக்கா. இப்ப ரயில்வேலதான் வேலை பார்க்கிறா."

இந்தக் கதையை நான் சொல்லும்போது ரயில் கார்டு கொடியை ஆட்டி சல்யூட் அடிப்பார், எஞ்சின் டிரைவர் மிட்டாய் கொடுப்பார். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"இன்னொரு தடவை நான் போகல," என்றாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "அப்ப எங்க வார்டுல வெள்ளையடிச்சிட்டிருந்தாங்க, அதனால அனுப்பி வெச்சோம். நானே கையைப் பிடிச்சு வண்டியில ஏத்தினேன். போயிட்டு வந்து காட்டுன்னு சொன்னேன். கேட் மூடியிருந்துச்சு. அவ பேரை இங்க சொல்ல மாட்டேன். அவங்க அம்மா பார்த்துட்டிருப்பாங்க."

இதை அவள் எங்களுடைய சமையலறையில் ஒருநாளும் சொன்னதில்லை. ஒத்திகையில் இல்லாதது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவனுக்கு இன்றுதான், தக்காளிப் பக்கத்தின் வழியாக, மற்ற எல்லோருடனும் சேர்த்துத் தெரிகிறது. எதிர் வரிசையில் ஒருவர் இன்னமும் ஏதோ கத்த வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கையை வைத்தார். அவர் கத்தவில்லை. அந்த வரிசையில் ஒருவராவது என் மனைவி கையில் பிறந்தவர் என்று எழுத எனக்கு ஆசைதான். விசாரித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அப்போதுதான் வார்டிலிருந்து சின்ன சிஸ்டர் கூப்பிட்டாள். என் மனைவியிடம் வேலை கற்று, அவள் இடத்துக்கு வந்திருக்கிற பெண்.

"ஐயா, இங்க டிவியில வயலின் வாசிக்கிறாங்க. மேடம் எங்கயோ வர்றாங்களாமே? இங்க யார் போன்லயும் சிக்னல் சரியா நிக்கல. எல்லாரும் என்னைப் பிடுங்கிறாங்க."

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. சட்டையில் சோப்புத் தண்ணீரோடு அப்படியே ஓடினேன். ஓடினேன் என்றால், என் வயதுக்கு அது பறந்ததற்குச் சமம். நாய்கள் ஒதுங்கி வழி விட்டன. வார்டில் நுழைந்து, சிக்னல் வருகிற ஒரே இடமான ஜன்னல் விளிம்பில், தண்ணீர்க் கூஜாவில் போனைச் சாய்த்து நிறுத்தினேன். எழுந்து நடக்க முடிந்தவர்கள் வந்து நின்றார்கள். முடியாதவர்கள் கட்டிலில் ஒருக்களித்துக்கொண்டார்கள். ஜன்னலோரக் கட்டிலில் அன்று காலைதான் பிறந்த ஒரு பையன், முஷ்டியை மடக்கிக்கொண்டு, அரசாங்கத்தின் மேல் கோபமாக இருக்கிறவனைப் போல் தூங்கிக்கொண்டிருந்தான்.

பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. என் கிழவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்ப, பிள்ளைகள் ஆபீஸில் காட்ட, எங்கெங்கிருந்தோ சனம் வந்து குவிந்தது. "நான் அந்த வார்டில் பிறந்தவன்", "என் தங்கை அங்கேதான்", "எங்க ஊர் வார்டை ஏற்கெனவே மூடிட்டாங்க" என்று கீழே வரிகள் ஓடின. நடுவில் ஒருவர் விடாமல் வெள்ளை ஈயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யாரோ, "முதல்ல வார்டு, அப்புறம் ஈ" என்று பதில் போட்டிருந்தார்கள். சபைக்குள் அவள் பேசி முடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் வார்டில் இருக்கிறேன் என்று தெரிந்தால் தெம்பாக இருக்குமே என்று ஒரு வரி தட்டினேன். அது என் பக்கம் அல்லவா, பளிச்சென்று எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது.

நெட்டை அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே படியிறங்கி வந்தான். "அக்கா! 'மாடி மகாராஜா' சொல்றார், 'நாங்க வார்டுல உட்கார்ந்து பார்த்துட்டிருக்கோம். எல்லாக் கட்டிலும் நிறைஞ்சிருக்கு.' யாருக்கா இந்த மகாராஜா?"

அவன் கிட்டே வந்ததும் அவளுக்குக் காது திரும்பியிருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர்தான்! வார்டுலயா இருக்கார்? குடு, குடு." போனை வாங்கி முகத்தோடு முகமாகப் பிடித்துக்கொண்டாள். இது சட்டசபை, ஊரே பார்க்கிறது, தர்ணா நடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அந்த நொடியே மறந்துவிட்டது. "ஏங்க, ஜன்னலோரக் கட்டில்ல யாரு? குழந்தை இருக்கா? மேல ஃபேன் ஓடுதா? அந்த ஃபேன் நேரா அடிக்கும், நிறுத்தச் சொல்லுங்க. சின்னவளே, கேக்குதா? தொப்பி போட்டியா அதுக்கு?"

சின்ன சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப் போய் ஃபேனை நிறுத்தினாள்.

'நிறுத்தியாச்சு' என்று தட்டினேன். நெட்டை எட்டிப் பார்த்து, "நிறுத்தியாச்சாம் அக்கா" என்றான்.

"தொப்பி?"

'போட்டாச்சு.'

"பொய் சொல்லாதீங்க. உங்களைத் தெரியும் எனக்கு. சின்னவ போடட்டும், அப்புறம் சொல்லுங்க."

இப்படியே ஒவ்வொரு கட்டிலாகப் போனாள். யாருக்கு எப்போது வலி ஆரம்பித்தது, யார் தண்ணீர் குடிக்கவில்லை, யாருடைய மாமியார் நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் வேண்டும் அவளுக்கு. நான் கட்டிலைப் பார்த்துத் தட்ட, நெட்டை படிக்க, அவள் அதட்ட, சின்ன சிஸ்டர் ஓட. கம்பளத்தில் இருந்த பெரிய தலைகள் எல்லாம் தங்கள் போராட்டத்தை மறந்துவிட்டு அவளைச் சுற்றிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்னாள் அமைச்சர் ஒருவர், "கடைசிக் கட்டில் அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். எதிர் வரிசையிலிருந்தும் இரண்டு பேர் இறங்கி வந்து பின்னால் நின்றார்கள். சட்டம், விதி, உத்தரவு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த நேரத்தில் மொத்த நாடும் வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் பையனுக்குத் தொப்பி போட்டார்களா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். இருக்கட்டும். எங்கள் தெரு முழுக்கப் பார்த்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள் கடைசியில், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து. இப்போது அவள் எங்களிடம் பேசவில்லை. "சாயங்காலம் அவர் வந்து அந்த முடிப்புரையைப் படிச்சுட்டார்னா, இந்தக் கட்டில் எல்லாத்தையும் மடக்கி வெச்சிருவாங்க. நாங்க கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேச விடுங்க. அப்புறம் மூடணும்னா மூடுங்க. பேச விட்டுட்டு மூடுங்க."

மணி அடித்தது.

சபை கூடப் போகிறது என்று உறுப்பினர்களை அழைக்கிற மணி. சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே. உள்ளே ஏதோ தகவல் போயிருக்கிறது. சபைக் காவலர்கள் நாலாபக்கமும் நடந்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. "அக்கா, போனை இறக்குங்க, இறக்குங்க" என்று நெட்டை பதறுவது கேட்டது. அவள் போனைச் சட்டென்று தரையில், தன் பக்கத்தில் வைத்துவிட்டாள். சிவப்புப் புள்ளியை நிறுத்தத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், நான்தான் நிறுத்த வேண்டும்.

படம் சாய்ந்துவிட்டது. வார்டில் எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டோம். திரை நிறையக் கம்பளம். அதன் ஓரத்தில் என் மனைவியின் வெறுங்கால்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மடக்கியபடி. இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது. அதற்கும் அப்பால் சபாநாயகர் இருக்கைக்குப் போகிற படிகள்.

தூரத்தில் கதவு திறந்தது. யாரும் எழுந்து நின்றதாகத் தெரியவில்லை. பளபளவென்று கறுப்புக் காலணிகள் இரண்டு வந்தன. நிதானமாக, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை.

"அவர்தான்," என்றாள் சின்ன சிஸ்டர், மூச்சோடு மூச்சாக.

காலணிகள் படிகளின் அருகே போயின. அங்கே ஏறிவிட்டால் வாசித்துவிடுவார். கடைசிக் கட்டில்காரி வலியைக் கூடப் பல்லைக் கடித்து நிறுத்தி வைத்திருந்தாள். முதல் படியின் மேல் வைத்த ஒரு கால் அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கால் இறங்கியது. இரண்டும் திரும்பின. கம்பளத்தின் குறுக்கே நடந்து, எங்களை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்து, என் மனைவியின் வெறுங்கால்களுக்கு ஒரு சாண் தள்ளி நின்றன.

அவர் ஏதோ சொன்னார். சரியாக அந்த நேரம் பார்த்து ஜன்னலோரப் பையன் விழித்துக்கொண்டு, வார்டே அதிர, வீறிட்டு அழத் தொடங்கினான். "ஷ்ஷ்ஷ்!" என்று பத்துப் பேர் அவன் மேல் பாய்ந்தோம். அவன் இன்னும் சத்தமாக அழுதான். சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தவளின் கால்கள் மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டன. பேருந்தில் பக்கத்தில் வருகிறவருக்கு இடம் விடுவோமே, அப்படி.

திரைக்குள் ஒரு கை இறங்கி வந்தது. வயதான கை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக் கைநுனி, விரல்கள் விரிந்து கம்பளத்தைத் தேடின. முழங்கால் மடங்காத ஒருவர் தரையில் உட்காரக் கையை ஊன்றுவது போல உள்ளங்கை அழுந்தப் பதிந்து, மெல்ல மெல்ல, அவருடைய பாரம் முழுவதும் அந்தக் கையில் ஏறிக்கொண்டிருந்தது.